தற்செயலின் மறுபாதி

லேபில் வேலை பார்ப்பவர்களுக்கு ஊர் கொடுக்கும் பட்டம் ஒன்றுதான்: கைராசி. வலிக்காமல் ஊசி போட்டால் கைராசி. நரம்பு அகப்படாத பாட்டிக்கு முதல் குத்திலேயே ரத்தம் வந்துவிட்டால் கைராசி. வேறெங்கும் பிடிபடாத நோய் நம்மிடம் பிடிபட்டால் அதுவும் கைராசி. அரசு மருத்துவமனை ஒன்றில் லேப் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அன்பாகத்தான் சொல்கிறார்கள் என்று தெரியும். சிரித்துக்கொண்டே தலையாட்டவும் செய்வேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் உள்ளுக்குள் சுருக்கென்று தைக்கும். ராசி கையில் இருக்கிறதென்றால் கண்ணுக்கு வேலையில்லையா? படித்ததும் பழகியதும் எந்தக் கணக்கில் போயிற்று? இதை வீட்டில்கூட நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. பாராட்டினாலும் குறைப்படுகிறாளே என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்ற தயக்கம்.

அந்த மனக்குறை எதைப் பற்றியது என்பதை எனக்கே புரியவைத்தது ‘செரண்டிபிட்டி’ என்ற ஆங்கிலச் சொல்லின் பிறப்புக் கதை. லேபில் ஒரு ஸ்லைடில் தொடங்கி இலங்கை, டெல்லி, வெனிஸ், லண்டன் என்று சுற்றி என் பாட்டியின் திண்ணைக்கே என்னைக் கொண்டுபோய் விட்ட கதை அது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கே மூத்த டெக்னீஷியன் ஒருவர் இருந்தார். ரத்த ஸ்மியர் போட அவரிடம்தான் பழகினேன். கண்ணாடி ஸ்லைடின் ஓரத்தில் ஒரு சின்னச் சொட்டு ரத்தம். இன்னொரு ஸ்லைடின் விளிம்பைச் சாய்வாக அதில் தொடவேண்டும். ரத்தம் விளிம்பு நெடுக ஓடிப் பரவும்வரை பொறுத்து, ஒரே வீச்சில் முன்னால் தள்ளவேண்டும். கை தயங்கினால் வரிவரியாக விழுந்துவிடும். சரியாக வந்தால் ஆரம்பத்தில் கெட்டியாகவும் போகப்போக மெலிந்தும் நாக்கு வடிவத்தில் ஒரு படலம் கிடைக்கும். அதைத் தலை, உடல், வால் என்று பிரித்துச் சொல்வோம். காய்ந்தபின் லீஷ்மன் சாயம் ஊற்றி, கொஞ்ச நேரம் வைத்து, நீர் கலந்து, மறுபடி காத்திருந்து கழுவினால் சிவப்பணுக்கள் இளஞ்சிவப்பாகவும் வெள்ளையணுக்களின் உட்கரு ஊதாவாகவும் எழுந்து நிற்கும்.

வெள்ளையணுக்களை வகைபிரித்து எண்ணுவதுதான் வழக்கமான வேலை. அதற்கு உடல் பகுதியில் எண்ணெய்ச் சொட்டு விட்டு, நூறு லென்ஸில் பார்த்தால் போதும். கூட்டமான நாளில் எல்லோரும் நேரே அதற்குத்தான் போவார்கள். அந்த மூத்தவர் மட்டும் விடமாட்டார். “ஏம்மா, முதல்ல பத்து லென்ஸ்ல தலையில இருந்து வால் வரைக்கும் ஒரு நடை போயிட்டு வா. வால்ல கொஞ்சம் நில்லு. பெரிசா எது இருந்தாலும் அங்கதான் ஒதுங்கிக் கிடக்கும்” என்பார். பரிசோதனைச் சீட்டில் கேட்டிருக்கிறார்களா, இல்லையா என்பதெல்லாம் அவருக்குப் பொருட்டில்லை. அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகும் எனக்கு அந்தப் பழக்கம் விடவில்லை.

ஓர் இரவுப் பணியில், சைக்கிளிலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்தவர் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். விடிந்தால் ஆபரேஷன். ரத்தம் எடுக்கும்போது நள்ளிரவு ஆகிவிட்டது. சீட்டில் கேட்டிருந்தது ஹீமோகுளோபின், அணுக்களின் எண்ணிக்கை, ரத்த வகை. ஸ்மியரைப் பத்து லென்ஸில் ஓட்டிக்கொண்டு வந்தேன். வால் முடியும் இடத்தில் ஊதா நிறத்தில் மெல்லிய கோடு ஒன்று தென்பட்டது. சாயத்தின் கசடு என்றோ பஞ்சின் இழை என்றோ தள்ளிவிட்டுப் போகக்கூடியதுதான். ஆனால் பஞ்சிழை மடங்கி முறுக்கிக்கொண்டு கிடக்கும். இது வழவழவென்று வளைந்திருந்தது. லென்ஸை மாற்றினேன். உள்ளே உட்கருக்கள் புள்ளிபுள்ளியாக வரிசை கட்டியிருந்தன. வால் நுனியில் மட்டும் புள்ளி எதுவும் இல்லை. யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுவின் குஞ்சு, மைக்ரோஃபைலேரியா.

அந்த மனிதருக்குக் காலில் வீக்கம் இல்லை. நோயின் அடையாளம் எதுவும் வெளியே தெரியவில்லை. தெரிய வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இது ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அதுவும் நம் நாட்டில் பரவலாக உள்ள வகை இரவில்தான் வெளி ரத்தத்துக்கு வரும். பத்து மணியிலிருந்து இரண்டு மணிவரை அதன் நேரம். பகலில் நுரையீரலின் நாளங்களுக்குள் போய்த் தங்கிவிடும். இரவில் கடிக்கும் கொசுவோடு ஒத்துப்போக இப்படி ஓர் ஏற்பாடு. சுகாதாரத் துறைக்காரர்கள் ராத்திரியில் வீடு வீடாக வந்து விரலில் குத்தி ரத்தம் எடுப்பது இதனால்தான். 1872இல் கல்கத்தாவில் டிமதி லூயிஸ் என்ற மருத்துவர் மனித ரத்தத்தில் இந்தக் குஞ்சுகளைக் கண்டு எழுதினார். 1877இல் சீனாவின் அமோய் துறைமுகத்தில் பேட்ரிக் மேன்சன் இதற்கும் கொசுவுக்கும் உள்ள உறவைக் கண்டுபிடித்தார். சைக்கிளிலிருந்து விழுந்த அந்த மனிதர் பகலில் விழுந்து, ரத்தமும் பகலில் எடுத்திருந்தால், அந்த ஸ்லைடில் ஒன்றும் இருந்திருக்காது.

டாக்டர் பார்த்து உறுதி செய்தார். டி.இ.சி. மாத்திரை பன்னிரண்டு நாள் கொடுத்தார்கள். அந்த நோயாளியின் தெருவிலும் இரவில் ரத்தம் எடுத்தார்கள். இன்னும் சிலருக்கு இருந்தது தெரிந்து அவர்களுக்கும் மருந்து போயிற்று. மறுநாள் லேபில் எல்லோரும் சொன்னது அதே பாட்டுத்தான். “உனக்கு ராசிம்மா.” பயிற்சியில் இருந்த இளம் டாக்டர் ஒருவர் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துவிட்டுத் துள்ளிக் குதித்தார்.

“செரண்டிபிட்டி, மேடம்!”

“அப்படின்னா என்ன சார்?”

“எதிர்பாராம அடிக்கிற அதிர்ஷ்டம்னு வெச்சுக்குங்க.”

அந்தச் சொல்லின் ஓசை மனசில் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்குப் போனதும் அகராதியைப் புரட்டினேன். இலங்கையின் பழைய பெயரான செரண்டிப் என்பதிலிருந்து வந்தது, ஹொரேஸ் வால்போல் உருவாக்கியது என்று இரண்டு வரி இருந்தது. ஆங்கிலச் சொல்லுக்குள் இலங்கை எப்படி வந்தது? அதன்பிறகு அந்தச் சொல்லைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன்.

பெரும்பாலான சொற்களுக்குப் பிறந்த நாள் கிடையாது. யார் வாயில் முதலில் வந்தது என்று யாருக்கும் தெரியாது. இதற்கு நாளும் உண்டு, தகப்பனும் உண்டு. 1754 ஜனவரி 28. பிரிட்டனின் முதல் பிரதமர் என்று சொல்லப்படும் ராபர்ட் வால்போலின் கடைசி மகன் ஹொரேஸ். ட்விக்கனம் என்ற ஊரில் தேம்ஸ் நதிக்கரை ஓரமாக ‘ஸ்ட்ராபெரி ஹில்’ என்று பழைய கோட்டை பாணியில் ஒரு மாளிகை கட்டிக்கொண்டு, ஓவியமும் நாணயமும் பழம்பொருளும் சேர்த்துக்கொண்டு வாழ்ந்தவர். பின்னாளில் ‘ஒட்ராண்டோ கோட்டை’ என்ற திகில் நாவலை எழுதியவரும் அவர்தான். வாழ்நாள் முழுக்கக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதப் போக்குவரத்தை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் நாற்பத்தெட்டு தொகுதிகளாக வெளியிட்டிருக்கிறது. அதில் ஒரு பெரிய பங்கு ஃபிளாரன்ஸ் நகரில் பிரிட்டிஷ் தூதராக இருந்த ஹொரேஸ் மான் என்ற நண்பருக்குப் போனது. இருவரும் இளமையில் ஒருமுறை சேர்ந்திருந்தார்கள். அதற்குப்பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் முகம் பார்க்காமலே எழுதிக்கொண்டார்கள்.

மான் ஓர் ஓவியம் அனுப்பியிருந்தார். பியாங்கா கபெல்லோ என்ற வெனிஸ் நகரத்துப் பெண்ணின் படம். டஸ்கனியை ஆண்ட மெடிசி குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். படம் வந்த மகிழ்ச்சியில், அதற்குப் பொருத்தமான சட்டம் போடவேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்த வால்போல், வெனிஸ் குடும்பச் சின்னங்களைத் தொகுத்த பழைய புத்தகம் ஒன்றைப் பார்த்தார். கபெல்லோ குடும்பத்துக்கு அதில் இரண்டு சின்னங்கள் இருந்தன. ஒன்றில் மட்டும் கூடுதலாக ஒரு நீல உருண்டை. அதன்மேல் லில்லிப் பூ. அது மெடிசி குடும்பத்தின் சின்னத்தில் உள்ள அடையாளம் என்பது அவருக்கு உடனே பட்டது. அந்தத் திருமணத்தால் கிடைத்த மரியாதை இந்தச் சின்னத்துக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. மெடிசி சின்னம் எப்படியிருக்கும் என்று தெரியாத ஒருவர் அந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டுப் போயிருப்பார்.

இப்படிப்பட்ட கண்டுபிடிப்புக்குத்தான் நான் செரண்டிபிட்டி என்று பெயர் வைத்திருக்கிறேன் என்று நண்பருக்கு எழுதினார். செரண்டிப் நாட்டு இளவரசர்கள் மூவரைப் பற்றி முன்பு படித்த தேவதைக் கதை ஒன்றிலிருந்து பெயரை எடுத்ததாகவும், அவர்கள் பயணம் போகும் வழியெல்லாம் தாங்கள் தேடாத விஷயங்களை எதேச்சையாலும் கூர்மதியாலும் கண்டுபிடித்துக்கொண்டே போனார்கள் என்றும் விளக்கினார். இரண்டும் சேர்ந்து என்பதை அழுத்திச் சொல்லியிருக்கிறார். எதேச்சை ஒரு பாதி, கூர்மதி மறுபாதி. தேடிப்போன பொருள் கிடைத்தால் அது இந்தக் கணக்கில் சேராது என்றும் கறாராக வரம்பு கட்டியிருக்கிறார்.

இந்த இடத்தைப் படித்தபோது என் கண் கலங்கிவிட்டது. நள்ளிரவில் அந்த மனிதரின் ரத்தம் என் மேசைக்கு வந்தது எதேச்சை. அதை நான் மறுக்கவில்லை. வாலில் நின்றதும், கோட்டின் வளைவைப் பார்த்ததும், நுனியில் புள்ளி இல்லாததைக் கவனித்ததும் எதேச்சை அல்ல. யாரும் பெயர் சொல்லாத அந்த மறுபாதிக்கு, இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் சரிபாதிப் பங்கு எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

வால்போல் தரும் இன்னோர் உதாரணம் எனக்கு மிகவும் பிடிக்கும். அது சாப்பாட்டு மேசையில் நடந்தது. ஷாஃப்ட்ஸ்பரி பிரபு, கிளாரண்டன் பிரபுவின் வீட்டுக்கு விருந்துக்குப் போயிருக்கிறார். கிளாரண்டனின் மகள் ஆன் ஹைடும் பந்தியில் இருக்கிறாள். பெற்ற தாய் மகளுக்குப் பரிமாறும் விதத்தில் ஒரு மரியாதை தெரிகிறது. தாய் மகளிடம் அப்படி நடந்துகொள்ள வேண்டியதில்லையே! அரசரின் தம்பியான யார்க் கோமகனுக்கும் அவளுக்கும் ரகசியமாகக் கல்யாணம் ஆகிவிட்டது என்பதை ஷாஃப்ட்ஸ்பரி அந்த ஒரு பார்வையில் ஊகித்துவிட்டார். உண்மையும் அதுதான். நம் வீட்டுப் பெரியம்மாக்கள் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தபடியே யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று கண்டுபிடித்துவிடுவார்களே, அந்தத் திறமை.

அடுத்து அந்த இளவரசர்களின் கதையைத் தேடிப் படித்தேன். செரண்டிப்பின் அரசர் ஜாஃபர் தன் மூன்று மகன்களையும் நன்றாகப் படிக்கவைக்கிறார். ஆட்சியை ஏற்கிறீர்களா என்று கேட்டால் மூவரும் பணிவாக மறுத்துவிடுகிறார்கள். படிப்பு மட்டும் போதாது, உலகம் பார்த்து வரட்டும் என்று அரசர் அவர்களை நாட்டைவிட்டு அனுப்பிவிடுகிறார். பெராமோ என்ற பேரரசரின் நாட்டுக்குள் போகும் வழியில், ஒட்டகத்தைத் தொலைத்த ஒருவன் எதிர்ப்படுகிறான். ஒட்டகத்தைப் பார்த்தீர்களா?

ஒருவன் கேட்கிறான்: அதற்கு ஒரு கண் குருடுதானே? இன்னொருவன்: ஒரு பல் இல்லைதானே? மூன்றாமவன்: ஒரு கால் நொண்டிதானே? ஒரு பக்கம் வெண்ணெய், மறுபக்கம் தேன் ஏற்றியிருந்தது, மேலே ஒரு கர்ப்பிணிப் பெண் இருந்தாள் என்றும் சொல்கிறார்கள். பார்க்கவே இல்லை என்று சாதித்தால் யார் நம்புவார்கள்? திருட்டுப் பட்டம் கட்டிச் சிறையில் அடைக்கிறார்கள். பிறகு ஒட்டகம் வேறு எங்கோ கிடைத்துவிடுகிறது. பேரரசர் அவர்களை வரவழைத்து, பார்க்காமல் எப்படித் தெரிந்தது என்று கேட்கிறார்.

வழியின் ஒரு பக்கம் நல்ல புல் செழித்துக் கிடக்க, மறுபக்கத்துச் சொத்தைப் புல்லைத்தான் ஒட்டகம் மேய்ந்திருந்தது. நல்ல புல் இருந்த பக்கம் அதற்குக் கண் தெரியவில்லை. மென்ற புல் பல் அளவுக்குத் துண்டு துண்டாகச் சிந்திக் கிடந்தது. ஒரு கால் தடம் இழுபட்டிருந்தது. ஒரு பக்கம் எறும்புச் சாரி, மறுபக்கம் ஈக்கள்; எறும்பு வெண்ணெய்க்கு, ஈ தேனுக்கு. ஒட்டகம் மண்டியிட்ட இடத்தில் ஒரு பெண்ணின் காலடியும், அவள் எழுந்திருக்கக் கையை ஊன்றிய தடமும் இருந்தன. வயிற்றுப் பாரம் இருப்பவள்தான் அப்படிக் கையூன்றி எழுவாள்.

படித்துக்கொண்டிருந்த எனக்கு உடம்பு சிலிர்த்தது. இது என் பாட்டி சொன்ன கதை. அவள் சொன்னதில் இளவரசர்கள் இல்லை. அளகாபுரி ராஜா இருந்தார், நாலு பேர் இருந்தார்கள். ஒட்டகத்துக்கு ஒரு கால் நொண்டி, வலக்கண் குருடு, வால் குட்டை, வயிற்று வலி. வலக்கண் எப்படி? வழியில் இடப்பக்கத்து இலைகளை மட்டும் தின்றிருந்தது. வால் குட்டை என்பது எப்படி? கொசுவும் ஈயும் கடித்து ரத்தச் சொட்டு வழியெல்லாம் விழுந்திருந்தது; வால் நீளமாக இருந்தால் விசிறி ஓட்டியிருக்கும். வயிற்று வலி? முன்னங்கால் தடம் ஆழமாகவும் பின்னங்கால் தடம் பட்டும்படாமலும் இருந்தது. ராஜா அசந்துபோய் நாலு பேரையும் மந்திரிகளாக வைத்துக்கொண்டார். தமிழில் நான்கு மந்திரி கதை என்றும் அலகேச கதை என்றும் வழங்குவது இதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பண்டித நடேச சாஸ்திரி இதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடுத்திருக்கிறார்.

பாட்டி திண்ணையில் உட்கார்ந்து, ஒவ்வொரு அடையாளத்தையும் சொல்லிவிட்டு நிறுத்துவாள். “எப்படிடீ தெரிஞ்சுது அவனுக்கு?” என்று எங்களைக் கேட்பாள். நாங்கள் யோசித்துச் சொல்லும்வரை கதை நகராது. மைக்ராஸ்கோப் எப்படி இருக்கும் என்றே அறியாத அவள்தான் எனக்கு முதல் பாடம் நடத்தியவள் என்பது, வால்போலின் கடிதம் வழியாகத்தான் எனக்கு உறைத்தது.

கதை நடந்துவந்த பாதை பெரியது. டெல்லியில் வாழ்ந்த பாரசீகக் கவிஞர் அமீர் குஸ்ரோ 1302ஆம் ஆண்டை ஒட்டி எழுதிய ‘ஹஷ்த் பிஹிஷ்த்’ என்ற காவியத்தில் செரண்டிப் இளவரசர்களும் ஒட்டகமும் வருகிறார்கள். யூதர்களின் தால்முதிலும் இதே சாயலில் ஓர் ஒட்டகக் கதை உண்டு. 1557இல் வெனிஸ் நகரத்துப் பதிப்பாளர் மிகேல் டிரமெசினோ, கிறிஸ்டோஃபரோ அர்மேனோ என்பவர் பாரசீகத்திலிருந்து பெயர்த்ததாகக் குறிப்பிட்டு இத்தாலிய மொழியில் இதை அச்சிட்டார். அது 1719இல் பிரெஞ்சுக்கும் 1722இல் ஆங்கிலத்துக்கும் போயிற்று. வால்டேர்கூட 1747இல் எழுதிய ‘ஸாடிக்’ கதையில் இதே உத்தியைக் கையாண்டார். வால்போல் நினைவிலிருந்து எழுதியதால் அவர் கடிதத்தில் ஒட்டகம் கோவேறு கழுதையாகிவிட்டது. அது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. புல்லை எந்தப் பக்கம் மேய்ந்தது என்பதை அவர் மறக்கவில்லையே! அதுதான் கதையின் உயிர்.

செரண்டிப் என்ற பெயர், அரேபிய மாலுமிகள் இலங்கையை அழைத்த சரண்தீப் என்பதன் வடிவம். சிந்துபாத்தின் பயணக் கதையிலும் அந்தத் தீவு வரும். சேரன் தீவுதான் அப்படித் திரிந்தது என்று நம்மவர் சிலர் ஆசையோடு எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். சிம்ஹலத்வீபம் என்ற வடமொழிப் பெயரிலிருந்து வந்தது என்பதே மொழியறிஞர்கள் பெரும்பாலோர் சொல்லும் வழி. எனக்கு அதுவே சரியென்று படுகிறது.

வால்போலுக்குச் சொல் செய்வதில் ஒரு விளையாட்டு ஆசை இருந்தது. தன் மாளிகையின் இருள் சூழ்ந்த அழகுக்குக் ‘குளூம்த்’ என்றும் தோட்டத்துப் பசுமைக்குக் ‘கிரீன்த்’ என்றும் சொற்கள் செய்தார். அவை அவரோடு போய்விட்டன. செரண்டிபிட்டியும் வெகுகாலம் உறங்கிக் கிடந்தது. மானுக்கு எழுதிய கடிதங்கள் 1833இல் அச்சேறின. அதன்பின் 1870களில் வேதியியலரும் பழம்பொருள் ஆர்வலருமான எட்வர்ட் சாலி அந்தச் சொல்லை எடுத்துப் புத்தகப் பிரியர்களிடையே உலவவிட்டார். 1945இல் ஹார்வர்டின் உடலியங்கியல் அறிஞர் வால்டர் கேனன் தன் நூலில் ஓர் இயலையே இந்தச் சொல்லுக்கு ஒதுக்கினார். அதிலிருந்து விஞ்ஞானிகளின் பேச்சில் புகுந்தது. சமூகவியலர் ராபர்ட் மெர்டன் வேறொரு சொல்லைத் தேடி ஆக்ஸ்ஃபோர்டு அகராதியைப் புரட்டியபோது இதைக் கண்டார். எலினார் பார்பருடன் சேர்ந்து இதன் வரலாற்றை ஒரு நூலாக எழுதி 1958இல் முடித்து வைத்துவிட்டார். அது 2002இல் இத்தாலிய மொழியிலும் 2004இல் ஆங்கிலத்திலும்தான் வெளிவந்தது. ஆங்கிலப் பதிப்பைப் பார்க்க இருவரும் உயிரோடு இல்லை.

புழக்கம் கூடக்கூட ஒன்று நடந்தது. மறுபாதி உதிர்ந்துபோயிற்று. இப்போது ஹோட்டலுக்கும் கடைக்கும் வைக்கிற பெயர் அது. சினிமாத் தலைப்பும் அது. கேட்டால் ‘இன்ப அதிர்ச்சி’, ‘நல்ல அதிர்ஷ்டம்’ என்பார்கள். அன்று அந்த இளம் டாக்டர் சொன்னதும் அதைத்தான். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கூர்மதியை எடுத்துவிட்டு எதேச்சையை மட்டும் வைத்துக்கொண்டால் அது நம் ‘ராசி’ என்ற சொல்லுக்கு ஆங்கில வேஷம், அவ்வளவே.

விஞ்ஞானத்தில் இந்தச் சொல்லுக்கு எல்லோரும் காட்டும் சான்று பென்சிலின். 1928இல் அலெக்ஸாண்டர் ஃபிளெமிங் விடுமுறை முடிந்து திரும்புகிறார். பாக்டீரியா வளர்த்த தட்டு ஒன்றில் பூஞ்சை விழுந்து, அதைச் சுற்றிய பாக்டீரியா கரைந்திருக்கிறது. ஜன்னல் வழியே பறந்து வந்த அதிர்ஷ்டம் என்கிற மாதிரி கதை சொல்வார்கள். பூஞ்சை பிடித்த தட்டு எந்த லேபில் இல்லை? நாங்கள் எத்தனை தட்டுகளைக் கிருமிநாசினியில் போட்டுக் கழுவியிருக்கிறோம்! ஃபிளெமிங் அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே, 1922இல், மூக்குச் சளியிலும் கண்ணீரிலும் உள்ள லைசோசைம் என்ற பொருள் பாக்டீரியாவைக் கரைப்பதைக் கண்டு எழுதியவர். தட்டில் பாக்டீரியா கரைந்தால் எப்படித் தெரியும் என்பது அவர் கண்ணுக்கு ஏற்கெனவே பழக்கம். அந்தப் பழக்கத்தைச் சொல்லாமல் பூஞ்சையை மட்டும் சொல்வது பாதிக் கதை. வால்போலின் கடிதத்துக்குச் சரியாக நூறு ஆண்டு கழித்து, 1854இல், லூயி பாஸ்டர் லீல் நகரில் ஆற்றிய உரையில் இதைத்தான் சொன்னார்: உற்று நோக்கும் துறைகளில் எதேச்சை, ஆயத்தமான மனத்துக்கே துணை நிற்கும் என்று.

இதையெல்லாம் படித்ததால் என் வேலையில் என்ன மாறியது? யானைக்கால் ஸ்லைடு விஷயத்தை அந்த மூத்தவரிடம் சொல்ல ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் ராசி என்று சொல்லவில்லை. “வால்ல எந்த ஓரத்துல கிடந்துச்சு?” என்று கேட்டார். பிறகு, சாயம் எவ்வளவு நேரம் வைத்தாய், குஞ்சைச் சுற்றிய உறை தெரிந்ததா, எத்தனை இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் சொல்லச்சொல்ல அவர் முகம் மலர்ந்தது. என் பணிக்காலத்தில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அந்தக் கேள்விகள்தான். பேரரசர் பெராமோ இளவரசர்களிடம் கேட்டதும், பாட்டி எங்களிடம் கேட்டதும் அந்தக் கேள்விதானே.

அதன்பின் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் நானும் அப்படியே கேட்க ஆரம்பித்தேன். ஒருமுறை ஒரு பெண், சர்க்கரை பார்க்க வந்த ரத்தத்தைச் சுழலியில் போட்டு எடுத்தாள். டியூபை உடனே பிரிக்காமல் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். “அக்கா, இந்த சீரம் நிறம் சரியில்லையே” என்றாள். மேலே நின்ற திரவம் வழக்கமான வைக்கோல் நிறத்தில் இல்லை. அடர் மஞ்சளாக இருந்தது. டாக்டரிடம் சொல்லி பிலிரூபின் பார்த்தோம்; கூடுதலாக இருந்தது. கண்ணில் மஞ்சள் தெரிவதற்குள் அவருக்கு வைத்தியம் தொடங்கிவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் “கைராசிக்காரப் பொண்ணு” என்றார்கள். நான் அவளை உட்காரவைத்து, எப்படிம்மா கவனித்தாய் என்று கேட்டேன். அப்பாவுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது லேபில் டியூபைக் காட்டியிருக்கிறார்கள்; அந்த நிறம் மறக்கவே இல்லை என்றாள். சொல்லி முடிக்கும்போது அவள் குரல் தழுதழுத்தது. அவளை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை போலும்.

இயந்திரங்கள் வந்தபின் அணுக்களை அவையே எண்ணித் தாளில் அடித்துத் தந்துவிடுகின்றன. நல்லதுதான், வேகமும் துல்லியமும் கூடியிருக்கிறது. ஆனால் இயந்திரம் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும். கேட்காததைப் பார்க்க இன்னும் ஒரு மனிதர் ஸ்லைடின் வால்வரை போய்வர வேண்டியிருக்கிறது. லேபில் இருக்கும் தம்பி தங்கைகளே, கூட்டம் எவ்வளவு இருந்தாலும் அந்த ஒரு நடையை விட்டுவிடாதீர்கள்.

மற்றவர்களிடம் எனக்கு வேறொரு வேண்டுகோள் இருக்கிறது. யாரும் தேடாத ஒன்றை உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை கண்டெடுத்துக்கொண்டு வரலாம். மாட்டின் நடையைப் பார்த்தே அதற்கு என்ன என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிவிடலாம். அதிர்ஷ்டம் என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். எப்படித் தெரிந்தது என்று கேளுங்கள், அவர்கள் சொல்லி முடிக்கும்வரை இருந்து கேளுங்கள்.